'ஹேங்' ஆன நிரலை அடைக்கும் முன் ஒரு நிமிடம்: அது எதற்காகக் காத்திருக்கிறது என்று கேளுங்கள்

தைப்பூசத்திற்கு இன்னும் ஒரு வாரம். வட பேராவில் ஒரு தோட்டத்தை ஒட்டிய ஆலயத்தின் அலுவலக அறை. மாலை நான்கு மணியிலிருந்து ஓர் இளம்பெண் உபயக்காரர்களின் ரசீதுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கணினியில் பதிந்துகொண்டிருந்தார். பெயர், தொகை, எந்த நாள் உபயம், கைப்பேசி எண் என ஏறக்குறைய 200 ரசீதுகள். எட்டு மணிக்கு எல்லாம் முடிந்து 'சேமி' பொத்தானை அழுத்தினார். திரை மங்கியது. நிரல் பதிலளிக்கவில்லை என்ற அறிவிப்பும் அதன் கீழே இரண்டு பொத்தான்களும் தோன்றின. ஒன்று, காத்திரு. மற்றொன்று, கட்டாயமாக மூடு.

விழா ஏற்பாடுகள் பற்றிச் செய்தி சேகரிக்கச் சென்றிருந்த நானும் அந்த அறையில் இருந்தேன். பொருளாளர் எட்டிப் பார்த்தார். "சுவிட்ச அடைச்சிட்டுத் திரும்பப் போடும்மா. எங்க வீட்டுக் கம்ப்யூட்டரும் இப்படித்தான். அடைச்சுப் போட்டா சரியாயிடும்" என்றார்.

அப்போது, பந்தல் வேலைக்கு வந்திருந்த ஓர் இளைஞர் குறுக்கிட்டார். பொருளாளரின் அக்காள் மகன். பினாங்கில் கணினிப் பராமரிப்பு வேலையில் இருப்பவர், விடுமுறைக்கு வந்திருந்தார். "கொஞ்சம் இருங்க மாமா. இப்ப அடைச்சா இந்தப் பிள்ளை நாலு மணி நேரம் அடிச்சது எல்லாம் போயிடும். எதுக்காக நிக்குதுன்னு அதுகிட்டயே கேட்டுப் பார்ப்போம்" என்றார்.

கணினியிடம் எப்படிக் கேட்பது? அன்று அவர் செய்ததைத்தான் இந்தக் கட்டுரை விளக்குகிறது. அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் ஒரு சிறிய கருவியும் அதைத் தொடங்க ஒரு வரிக் கட்டளையும் போதும்.

அடைத்தால் என்ன போகிறது?

ஒரு நிரல் ஓடும்போது, நாம் தட்டியவற்றை முதலில் கணினியின் நினைவகத்தில்தான் வைத்திருக்கும். 'சேமி' என்ற வேலை முடிந்தால்தான் அவை வட்டில் கோப்பாக எழுதப்படும். அதற்கு முன் நிரலைக் கட்டாயமாக மூடினாலும் மின்சாரத்தை நிறுத்தினாலும் நினைவகத்தில் இருந்தது மறைந்துவிடும். பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால், முன்பே இருந்த கோப்பும் கெட்டுப்போகலாம்.

இன்னோர் இழப்பும் உண்டு. நிரல் ஏன் நின்றது என்பதற்கான தடயம் அந்த நிரல் உயிரோடு இருக்கும்வரைதான் இருக்கும். அடைத்துப் போட்டால் பெரும்பாலும் சரியாவதுபோல் தோன்றும். ஆனால், காரணம் தெரியாததால் மறுநாளும் அதே இடத்தில் நிற்கும். பிறகு 'கணினி பழசாகிவிட்டது, மாற்ற வேண்டும்' என்ற பேச்சு தொடங்கும்.

ஸ்டோர் கிராணியும் கெர்னலும்

தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு ஸ்டோர் நினைவிருக்கும். உரமோ, மருந்து பம்போ, புதுக் கத்தியோ வேண்டுமென்றால் ஸ்டோர் கிராணியிடம் போய்க் கேட்க வேண்டும். யாரும் நேராக உள்ளே புகுந்து எடுத்துக்கொள்ள முடியாது. கிராணி புத்தகத்தைப் பார்ப்பார். இருந்தால் கொடுப்பார், இல்லையென்றால் இல்லை என்பார். சில நேரம் "இரு, அந்தப் பம்பை வேறு ஆள் கொண்டுபோயிருக்கிறான், வந்ததும் தருகிறேன்" என்பார்.

கணினிக்குள்ளும் அப்படித்தான். கோப்பைத் திறக்க, எழுத, இணையத்தோடு பேச, அச்சுப்பொறிக்கு அனுப்ப என எதற்கும் நிரல் தானே போய்க் கை வைக்க முடியாது. இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம்தான் கேட்க வேண்டும். கெர்னல்தான் அந்த ஸ்டோர் கிராணி. நிரல் அதனிடம் விடுக்கும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் 'சிஸ்டம் கால்' என்று பெயர்.

இந்தக் கோரிக்கைகளைப் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் குறித்துக் காட்டும் கருவிதான் 'ஸ்ட்ரேஸ்'. யார் எதைக் கேட்டார், கிராணி என்ன பதில் சொன்னார் என்று வரிக்கு ஒன்றாகத் திரையில் எழுதிக்கொண்டே போகும். 1991இல் பால் கிரானன்பர்க் என்பவர் அக்காலச் சன் கணினிகளுக்காக இதை எழுதினார். பிறகு லினக்ஸுக்கு வந்தது. இன்றுவரை லினக்ஸ் பராமரிப்பாளர்கள் முதலில் கையில் எடுக்கும் கருவிகளுள் இதுவும் ஒன்று.

ஸ்ட்ரேஸை இரண்டு வகையாகப் பயன்படுத்தலாம். நிரலைத் தொடங்கும்போதே ஸ்ட்ரேஸின் கண்காணிப்பில் தொடங்குவது ஒரு வகை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரலோடு நடுவில் போய் ஒட்டிக்கொள்வது மற்றொரு வகை. ஆலயத்தில் நடந்தது இரண்டாவது. நின்றுபோன நிரலை மூடித் திறக்காமல், அது நிற்கும் இடத்திலேயே பார்க்க வேண்டுமென்றால் இதுதான் வழி.

முதல் படி: எண்ணைக் கண்டுபிடிப்பது

தோட்டத்துப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது மூன்று முனியாண்டிகள் இருந்தால் குழப்பம்தான். செக்ரோல் எண் சொன்னால் குழப்பமில்லை. கணினியில் ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் கெர்னல் இதுபோல ஓர் எண் கொடுக்கிறது. அதைச் சுருக்கமாக 'பிஐடி' என்பார்கள். ஒரே நிரலை இரண்டு முறை திறந்தால் பெயர் ஒன்றாக இருக்கும், எண் வேறாக இருக்கும். நிரலை மூடித் திறந்தால் எண்ணும் மாறிவிடும்.

கட்டளை தட்டும் கறுப்புத் திரையைத் திறந்து 'பிஎஸ் ஆக்ஸ்' என்று தட்டினால் ஓடும் நிரல்கள் அனைத்தும் எண்ணோடு பட்டியலாக வரும். பட்டியல் நீளமாக இருந்தால் 'பிக்ரெப் -எஃப்' என்று தட்டி, இடைவெளி விட்டு நிரலின் பெயரைக் கொடுக்கலாம். எண் மட்டும் வரும். (கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்ட வேண்டும்.)

அந்தப் பட்டியலில் நிரலின் நிலையைக் காட்டும் ஒரு பத்தியும் இருக்கும். 'எஸ்' என்றால் ஏதோ ஒன்றுக்காகத் தூங்கிக் காத்திருக்கிறது. 'ஆர்' என்றால் ஓடிக்கொண்டிருக்கிறது. 'டி' என்று பெரிய எழுத்தில் இருந்தால் வட்டு போன்ற சாதனத்தின் பதிலுக்காக எழுப்ப முடியாத நிலையில் நிற்கிறது. அப்படி நிற்கும் நிரலில் ஸ்ட்ரேஸும் ஒன்றும் காட்டாமல் போகலாம். அப்போது வட்டையும் வலைப்பின்னல் சேமிப்பகத்தையும்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஆலயத்தின் பதிவு நிரலுக்கு அன்று கிடைத்த எண் 4127. நிலை 'எஸ்'.

இரண்டாம் படி: ஒட்டிக்கொள்வது

இளைஞர் தட்டிய கட்டளை இதுதான்: 'சூடோ ஸ்ட்ரேஸ் -பி 4127'.

இதில் 'சூடோ' என்பது நிர்வாகி அதிகாரத்தோடு செய் என்பது. '-பி' என்பது இந்த எண்ணுள்ள நிரலோடு ஒட்டிக்கொள் என்பது. நிரலுக்குள் பல இழைகள் ஒரே நேரத்தில் ஓடுமானால் '-எஃப்' என்பதையும் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் ஓர் இழையை மட்டும் பார்த்துவிட்டு ஏமாந்துபோவோம்.

'சூடோ' இல்லாமல் தட்டினால் உபுண்டு போன்ற கணினிகளில் 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்' என்று மறுப்பு வரும். பலர் இந்த இடத்தில் கருவி பழுதாகிவிட்டது என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது பழுதில்லை, பாதுகாப்பு. ஒரு நிரலின் கோரிக்கைகளைப் பார்க்க முடிந்தால் அதன் வழியாகப் போகும் கடவுச்சொல்லையும் பார்க்க முடியும். ஆகவே, 2010இல் வந்த 10.10 பதிப்பிலிருந்து, ஒரு நிரல் தான் தொடங்கிய நிரலை மட்டுமே இப்படிப் பார்க்கலாம் என்று உபுண்டு கட்டுப்படுத்திவிட்டது. நிர்வாகிக்கு மட்டும் விலக்கு உண்டு.

மூன்றாம் படி: வரும் வரிகளைப் படிப்பது

திரையில் என்ன வருகிறது என்பதைப் பொறுத்து நோயை மூன்றாகப் பிரிக்கலாம் என்று அந்த இளைஞர் விளக்கினார்.

ஒன்று, ஒரே ஒரு வரி பாதியில் நிற்பது. நிரல் கிராணியிடம் ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் கவுண்டரில் நிற்கிறது என்று பொருள். எதைக் கேட்டது என்பது அந்த வரியிலேயே இருக்கும். 'ரீட்' என்றால் எங்கிருந்தோ தரவு வர வேண்டும். 'கனெக்ட்' என்றால் வேறொரு கணினியோடு இணைய முயல்கிறது.

இரண்டு, அதே சில வரிகள் திரும்பத் திரும்ப ஓடுவது. நிரல் கேட்கிறது, இல்லை என்ற பதில் வருகிறது, மீண்டும் கேட்கிறது. இங்கே வரியின் கடைசியில் உள்ள பதிலைப் பார்க்க வேண்டும். கழித்தல் ஒன்று என்று இருந்தால் பெரும்பாலும் தோல்வி. காரணமும் பக்கத்திலேயே இருக்கும். 'நோ சச் ஃபைல்' என்றால் கேட்ட கோப்பு அங்கே இல்லை. 'பெர்மிஷன் டினைட்' என்றால் அனுமதி இல்லை. 'நோ ஸ்பேஸ் லெஃப்ட்' என்றால் வட்டில் இடம் தீர்ந்துவிட்டது.

மூன்று, ஒரு வரியும் வராமலிருப்பது, ஆனால் கணினியின் விசிறி மட்டும் இரைந்துகொண்டிருப்பது. நிரல் கிராணியிடம் வரவே இல்லை, தனக்குள்ளேயே ஒரு கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இதற்கு ஸ்ட்ரேஸ் போதாது. நிரலின் உள்ளே எந்த வரியில் இருக்கிறது என்று காட்டும் கருவி வேண்டும். ஜாவா நிரலுக்கு 'ஜேஸ்டாக்', பைத்தான் நிரலுக்கு 'பை-ஸ்பை', சி மொழி நிரலுக்கு 'ஜிடிபி'. இவற்றுக்கும் அதே எண்ணைத்தான் கொடுக்க வேண்டும்.

ஆலயத்தில் வந்தது முதல் வகை. 'எஃப்லாக்' என்று தொடங்கிய ஒரே வரி. அதற்குள் 5 என்ற எண். அதற்கு மேல் ஒன்றும் நகரவில்லை.

"பூட்டு கேக்குது மாமா" என்றார் இளைஞர்.

யார் வைத்திருக்கிறார் அந்தப் பூட்டை?

இரண்டு பேர் ஒரே கணக்குப் புத்தகத்தில் ஒரே நேரத்தில் எழுதினால் புத்தகம் பாழாகும். அதைத் தடுக்க, நிரல்கள் கோப்பை எழுதும் முன் அதற்குப் பூட்டுக் கேட்கும். வேறொருவர் ஏற்கெனவே பூட்டியிருந்தால், அவர் திறக்கும்வரை காத்திருக்கும். அந்த 'எஃப்லாக்' வரியின் பொருள் இதுதான்: ஐந்தாம் எண்ணுள்ள கோப்புக்குப் பூட்டுக் கேட்டேன், இன்னும் கிடைக்கவில்லை.

ஐந்தாம் எண் எந்தக் கோப்பு? 'எல்எஸ்ஓஎஃப் -பி 4127' என்று தட்டினால் அந்த நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்புகள் எல்லாம் எண்ணோடு வரும். ஐந்தாவது, உபயப் பதிவேட்டுக் கோப்பு. அடுத்து, எந்தக் கோப்பை எந்த எண்ணுள்ள நிரல் பூட்டியிருக்கிறது என்று காட்டும் 'எல்எஸ்லாக்ஸ்'. அந்தக் கோப்பைப் பூட்டி வைத்திருந்தது வேறோர் எண். அதே பதிவு நிரலின் இன்னொரு பிரதி.

அறையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு செயலவை உறுப்பினர் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "மத்தியானம் நான்தான் போன வருஷப் பட்டியலைப் பார்க்கத் திறந்தேன். மூடினேன்னு நினைச்சேன்."

அவர் மூடவில்லை, சுருக்கி வைத்திருந்தார். அந்தச் சாளரத்தைப் பெரிதாக்கினால் நடுவில் ஒரு கேள்வி: பட்டியலை அச்சிடவா, ஆம், இல்லை. மத்தியானத்திலிருந்து அந்தக் கேள்வி பதிலுக்காகக் காத்திருக்கிறது. அந்தப் பதிலுக்காகப் பூட்டு காத்திருக்கிறது. பூட்டுக்காக 200 ரசீதுகள் காத்திருக்கின்றன.

'இல்லை' என்பதை அழுத்தினார்கள். கறுப்புத் திரையில் பாதியில் நின்ற வரி முழுமையாகி, வெற்றி என்பதற்கான பூஜ்யம் விழுந்தது. அடுத்த நொடியே 'ரைட்', 'ரைட்' என்று எழுதும் வரிகள் மழைபோல் கொட்டின. பதிவு நிரலின் மங்கல் நீங்கி, சேமிக்கப்பட்டது என்ற செய்தி வந்தது. ஒரு ரசீதுகூடப் போகவில்லை. அந்தப் பெண் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது.

கழற்றுவதும் முக்கியம்

பார்த்து முடித்ததும் கண்ட்ரோல் விசையையும் சி விசையையும் சேர்த்து அழுத்தினால் ஸ்ட்ரேஸ் கழன்றுகொள்ளும். நிரல் தன் வேலையைத் தொடரும். ஓடும் நிரலோடு '-பி' கொடுத்து ஒட்டியிருந்தால்தான் இப்படி. நிரலையே ஸ்ட்ரேஸ் வழியாகத் தொடங்கியிருந்தால், அதே விசைகள் நிரலையும் சேர்த்து நிறுத்திவிடும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மேலும் மூன்று எச்சரிக்கைகள்.

முதலாவது, ஸ்ட்ரேஸ் ஒட்டியிருக்கும்வரை நிரல் மெதுவாகும். ஒவ்வொரு கோரிக்கையின்போதும் அது நின்று நின்று போக வேண்டியிருக்கும். பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் அலுவலகச் சர்வரில் நீண்ட நேரம் ஒட்டவிடக் கூடாது. சில நொடிகள் பார்த்துவிட்டுக் கழற்றிவிட வேண்டும்.

இரண்டாவது, திரையில் வரும் வரிகளில் பெயர், கைப்பேசி எண், கடவுச்சொல் எல்லாம் கலந்து வரலாம். உதவி கேட்கிறோம் என்று அப்படியே படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது.

மூன்றாவது, அடுத்தவர் கணினியில் அனுமதியில்லாமல் இதைச் செய்வது குற்றமாகலாம். மலேசியாவின் 1997ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைவோருக்கு 50,000 வெள்ளி வரை அபராதம் அல்லது ஐந்தாண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். வேலை செய்யும் இடத்தில் என்றால் பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும்.

இதே இடத்தில் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. முன்பின் தெரியாத ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது, கறுப்புத் திரையைத் திறந்து நான் சொல்வதைத் தட்டுங்கள்" என்றால் உடனே வைத்துவிடுங்கள். அது மோசடிக்காரர்களின் பழைய வழி. பணம் போய்விட்டது என்று தெரிந்தால் தாமதிக்காமல் தேசிய மோசடிப் பதில் நடவடிக்கை மையத்தின் 997 எண்ணை அழையுங்கள்.

வின்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு

நம் வீடுகளில் பெரும்பாலும் வின்டோஸ்தானே என்று கேட்கலாம். அங்கே ஸ்ட்ரேஸ் இல்லை, ஆனால் வழி உண்டு. கட்டளைத் திரையில் 'டாஸ்க்லிஸ்ட்' என்று தட்டினால் நிரல்களும் எண்களும் வரும். 'ரிசோர்ஸ் மானிட்டர்' என்பதைத் திறந்தால் பதிலளிக்காத நிரல் சிவப்பு நிறத்தில் தெரியும். அதன்மேல் வலது சொடுக்கி, காத்திருப்புச் சங்கிலியை ஆராயும் தேர்வை எடுத்தால், இது எந்த நிரலுக்காகக் காத்திருக்கிறது என்று காட்டும். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் 'ப்ரோக்டம்ப்' கருவியைக் கட்டளை வரியில் நிரலின் எண்ணோடு தொடங்கினால், ஓடும் நிரலின் நினைவகத்தை அப்படியே கோப்பாக எடுத்து வைக்கும். நிரலை எழுதியவருக்கு அந்தக் கோப்பை அனுப்பினால் அவர் காரணத்தைத் தேடலாம். ஆனால், நினைவகத்தில் உள்ள தகவல்கள் எல்லாம் அதில் இருக்கும் என்பதால் நம்பகமானவருக்கு மட்டுமே அனுப்ப வேண்டும்.

வீட்டிலேயே ஒரு பயிற்சி

எஸ்.பி.எம். முடித்துத் திவெட் கல்லூரிகளிலோ பாலிடெக்னிக்குகளிலோ கணினி படிக்கும் பிள்ளைகள் இதை இன்றிரவே செய்து பார்க்கலாம். லினக்ஸ் உள்ள பழைய மடிக்கணினி போதும்.

இரண்டு கறுப்புத் திரைகளைத் திறந்துகொள்ளுங்கள். முதல் திரையில் 'கேட்' என்று மட்டும் தட்டுங்கள். ஒன்றும் நடக்காது, நிற்கும். இரண்டாவது திரையில் 'பிக்ரெப் கேட்' என்று தட்டி எண்ணை எடுத்து, ஸ்ட்ரேஸை ஒட்டுங்கள். 'ரீட்' என்ற வரி பாதியில் நிற்பதைப் பார்ப்பீர்கள். 'ஹேங்' ஆனதுபோல் இருக்கும் நிரல், உண்மையில் உங்களுக்காகக் காத்திருக்கிறது.

இப்போது முதல் திரையில் வணக்கம் என்பதை ஆங்கில எழுத்துகளில் தட்டி என்டர் அழுத்துங்கள். இரண்டாவது திரையில் அந்த வரி முழுமையாகி 9 என்ற பதில் விழும். எட்டு எழுத்து, ஓர் என்டர். அடுத்து அதையே தமிழில் தட்டுங்கள். பதில் 22. தமிழ் படித்த எனக்கு இந்த இடம் வியப்பாக இருந்தது. வணக்கம் என்பதில் இலக்கணப்படி ஐந்து எழுத்துகள். கணினி புள்ளிகளைத் தனியாக எண்ணுவதால் ஏழு குறிகள். ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டுகள் என 21. அதோடு ஓர் என்டர்.

அந்த இளைஞரின் தாயார் இன்னும் பால்மரம் வெட்டப் போகிறார். இந்தக் கருவியை எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். "தோட்டத்து வீட்டுல, யாரோ தூக்கிப் போட இருந்த லெப்டாப்புல" என்றார். "புதுசு வாங்க முடியாததால எது கெட்டாலும் நானேதான் காரணம் தேடணும். அதான் பழகிப்போச்சு."

ஆலய அலுவலகத்தில் இப்போது கணினிக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. பொருளாளரின் கையெழுத்தில், பெரிய எழுத்தில்: "நின்றால் அடைக்காதே. வேறு சாளரம் திறந்திருக்கிறதா பார். பிறகு தம்பிக்குப் போன் செய்."